சல்லி ஆந்தையும் திறந்த யன்னலும்

உட்துறைமுக வீதியில் றம்ஸானின் கேம் கடையைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை தேவையில்லை, யன்னலைப் பார்த்தால் போதும். மற்ற இடங்களில் இப்படியான கடைகளுக்குக் கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி, திரை போட்டு, கதவையும் பாதி சாத்தி வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது யார், செய்வது என்ன என்று வீதியால் போகிறவருக்கு ஒன்றும் விளங்காது. றம்ஸானின் கடைக்கு முன்சுவரில் முக்கால்வாசியும் யன்னல்தான். கம்பி மட்டும் உண்டு. கண்ணாடியும் இல்லை, திரையும் இல்லை. மரக்கதவுகள் காலையில் திறந்தால் கடை பூட்டும் மட்டும் திறந்தபடியே கிடக்கும். விளையாடுகிறவரின் முகம் வீதியைப் பார்க்கிற மாதிரி மேசைகளைப் போட்டிருந்தான். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர், சந்தைக்குப் போகிறவர், சும்மா போகிறவர் என்று எல்லோரும் உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

இது றம்ஸான் ஆசைப்பட்டுச் செய்த காரியம் இல்லை. கடை தொடங்கியபோது பெடியள் மட்டும்தான் வந்தார்கள். பிறகு பெட்டையளும் வரவேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதுதான் தாமதம், தாய்மார் கடைவாசலில் கூடிவிட்டார்கள். தமிழ்த் தாய்மாரும் முஸ்லிம் தாய்மாரும் ஒரு விஷயத்தில் இவ்வளவு சுருக்காக ஒத்துப்போனதை அந்த வீதி அதற்கு முன்னர் கண்டதில்லை. யன்னல் திறந்திருக்க வேண்டும், பிள்ளைகளின் முகம் வீதிக்குத் தெரியவேண்டும், இந்த இரண்டும் நடந்தால் அனுப்புகிறோம் என்றார்கள். எல்லோருக்குமாகப் பேசியவர் பத்மாசனி. டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறவர், சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்தில் இருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர், கதைத்தால் மருந்துச்சீட்டு வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கதைப்பார். றம்ஸான் தலையாட்டினான். தலையாட்டாமல் என்ன செய்வது? ஆனால் காலம் போகப்போக அந்த யன்னலைப் பற்றி அவனுக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. என்ர கடையில மறைக்கிறதுக்கு ஒண்டுமில்ல என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

தொல்லை பின்னேரத்தில்தான். வீதிக்கு மற்றப் பக்கம் துறைமுகத் தண்ணீர். சூரியன் சீனன்குடாப் பக்கம் சரியத் தொடங்கினால், தண்ணீர் முழுக்கப் புதுத் தகரம் விரித்த மாதிரி மினுங்கும். அந்த ஒளி அத்தனையும் யன்னலால் வந்து பிள்ளைகளின் கண்ணுக்குள்ளே விழும். கம்ப்யூட்டர்த் திரையில் வெளிச்சமான இடங்கள் எப்படியோ தெரியும். இருட்டான இடங்கள் வெறும் கறுப்பு. மேசைகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான். துறைமுகம் முழுக்கத் திரைக்குள் வந்து குந்திக்கொண்டது, வீதியால் போகிறவருக்குப் பிள்ளைகளின் பிடரி மட்டும் தெரிந்தது. திரைகளுக்குப் பின்னால் கறுப்பு மட்டையை உயர்த்திக் கட்டினான். அன்றைக்கே பத்மாசனி யன்னல் கம்பிக்கு வெளியே நின்று, முகம் தெரியேல்ல தம்பி என்று ஒரே ஒரு வசனம் சொன்னார். மட்டை கழன்றது.

கடைசியில் அவனுக்குக் கைகொடுத்தது ஒரு ஃபில்டர். கேம் செய்கிற கொம்பனி செய்ததல்ல, வெளியில் யாரோ செய்து இலவசமாக விட்ட சின்ன மென்பொருள். கேமின் படத்துக்கு மேலே இன்னொரு பூச்சுப் பூசிவிடும். புல்லைப் பச்சையாக்கும், கடலை நீலமாக்கும், கறுப்பாய்க் கிடக்கிற மூலையைக் கொஞ்சம் வெளுக்கவைக்கும். வடிவுக்காக அதைப் போட்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள், அப்போது அதை யாரும் குற்றம் என்று சொன்னதும் இல்லை. றம்ஸான் ஆறு கம்ப்யூட்டரிலும் போட்டுவிட்டான். பிள்ளைகளிடம் அதைப்பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடையில் பல்ப் மாற்றினால் அதை யாராவது பறையறைந்து சொல்வார்களா?

அந்தக் கடையில் எல்லோரும் விளையாடியது ‘கோட்டைத்துறை’ என்ற ஒன்லைன் கேம். பக்கத்துக்கு மூன்று பேர். பழைய துறைமுகக் கோட்டை ஒன்றில் இறங்கி, பண்டகசாலைகளுக்குள்ளும் சுரங்கப் படிகளிலும் ஒளிந்தும் தேடியும் ஒருவரை ஒருவர் சுட்டு வீழ்த்த வேண்டும். இதில் பத்மாசனியின் மகள் கஜந்தினியை வெல்ல ஆள் இல்லை. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பிள்ளை. வெளியில் வாய் திறக்காது. கேமுக்குள் போனால் மற்றவர்களை வாய் திறக்க விடாது. குறிப்பாக இருட்டுக்குள் ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு ஈடு இல்லை. மாதக்கணக்காய்ப் பழகியவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு மூலையில் நின்றாலும், இவள் ஓடிவந்து சட்டென்று நின்று, திரும்பி, போட்டுவிடுவாள். அதனால் அவளுக்குச் சல்லி ஆந்தை என்று பெயர் வந்தது. அவளும் அதையே தன் விளையாட்டுப் பெயராக வைத்துக்கொண்டாள். அந்தப் பெயருக்காக ஒரு பிள்ளை எவ்வளவு சந்தோஷப்படலாமோ அவ்வளவும் சந்தோஷப்பட்டாள்.

பத்மாசனி வேலை முடிந்ததும் கடைக்கு வருவார். உள்ளே வரமாட்டார். வெளியில் நடைபாதையில் நின்று, கைப்பையை யன்னல் படியில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டம் முடிந்ததும் தாயும் மகளும் குச்சவெளி பஸ் பிடித்துச் சல்லிச் சந்தியில் இறங்குவார்கள். உள்ளே வாங்க அக்கா, கதிரை இரிக்கி என்று றம்ஸான் தொடக்கத்தில் கேட்டுப் பார்த்தான். வேண்டாம் தம்பி, இஞ்ச நிக்கிறன் என்ற பதில்தான் எப்போதும். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். காவல் நிற்கிறார், நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

இப்படி இருக்கும்போதுதான் கிழக்கு மாகாண மட்டத்தில் ‘கோட்டைத்துறை’ போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. அவரவர் இடத்தில் இருந்தே விளையாடலாம், வென்றால் கொழும்புக்குப் போகலாம். கஜந்தினியும், டவுனைச் சேர்ந்த சனூஸாவும், நிலாவெளியில் இருந்து வருகிற நிருஜாவும் ஓர் அணியாய்ப் பதிந்தார்கள். பதிந்த அணிகளில் பெட்டையள் மட்டும் உள்ளது இது ஒன்றுதான் என்று தெரிந்தபோது, பிள்ளைகள் எல்லோரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் றம்ஸான், தன் செலவில் ஆளுக்கொரு ரீசேர்ட்டும் அடித்துக் கொடுத்தான். முதுகில் ஓர் ஆந்தை. பார்க்கக் கொஞ்சம் கோழிமாதிரித்தான் இருந்தது.

போட்டிக்கு முந்திய வாரம், ஒரு சனிக்கிழமை, கேமுக்குப் புதிய அப்டேட் வந்தது. ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கவென்று இப்படியான கேம்களுக்குள் ஒரு காவல் மென்பொருள் இருக்கும். அதைக் கொம்பனி இன்னும் இறுக்கிவிட்டது. வெளி ஃபில்டர் எதுவும் இனிக் கூடாது என்பது புதுச் சட்டம். அந்தச் சட்டம் ஆங்கிலத்தில் நீட்டுக்கு வந்து திரையில் நின்றபோது, எல்லோரும் செய்கிற மாதிரி றம்ஸானும் கீழே போய் ‘சம்மதம்’ என்பதை அமத்திவிட்டான். அதற்குப் பிறகு முதல் ஆளாய் விளையாட இருந்தவள் கஜந்தினி. ஆட்டத்தின் நடுவில் திரை கறுத்தது. அனுமதியில்லாத மென்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது, உங்கள் கணக்கு ஒரு வாரத்துக்கு முடக்கப்படுகிறது என்று வெள்ளை எழுத்தில் வந்து நின்றது.

றம்ஸான் ஓடிப்போய் மற்றக் கம்ப்யூட்டர்களில் இருந்த ஃபில்டரை அழித்தான், அவளுடையதிலும் அழித்தான். நான்தான் போட்டன், புள்ளைக்கு ஒண்டும் தெரியாது என்று கொம்பனிக்கு எழுதினான். அடுத்த நொடியே பதில் வந்தது. நொடியில் வருகிற பதிலை மனிசர் எழுதியிருக்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பதிலில் காரணமும் இருந்தது. ஒளிந்திருக்கிறவன் இருட்டை நம்பித்தான் ஒளிகிறான், எல்லோருக்கும் ஒரே இருட்டு இருந்தால்தான் ஆட்டம் நியாயம், ஒருவர் மட்டும் அந்த இருட்டை வெளுக்கவைத்தால் மற்றவருக்கு அநியாயம் என்று எழுதியிருந்தது. இரண்டு தரம் வாசித்தான். சண்டைபிடிக்க ஒரு வழி கிடைக்குமா என்று தேடித்தான் வாசித்தான். கிடைக்கவில்லை. சொன்னது சரியாகவே இருந்தது, அதுதான் அவனை வருத்தியது.

கஜந்தினி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“நானா, இருட்டுக்குள்ள நிண்டவையளை எல்லாம் நான் பிடிச்சனானோ, உங்கட ஃபில்டர் பிடிச்சதோ?”

“நீ தெரிஞ்சு செய்யல்லயே புள்ள.”

“அதில்ல நான் கேட்டது. இவ்வளவு காலமும் நான் அளாப்பினனானோ?”

விளையாட்டில் ஏமாற்றுவதை எங்கள் பக்கத்தில் அளாப்புவது என்போம். சின்ன வயதில் கிளித்தட்டிலும் எட்டுக்கோட்டிலும் அந்தச் சொல் விழுந்தால் அடிபிடியில்தான் முடியும்.  றம்ஸானுக்கும் உண்மையிலேயே தெரியாது. மூலைகளை வெளுக்கவைத்தது அவன்தான். வெளுத்த மூலையில் நின்றவனைக் கண்டது அவளுடைய திறமையா, அவனுடைய பூச்சா என்று யார் பிரித்துச் சொல்வது? அவன் மேசையில் கிடந்த ஹெட்போனின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு, தாய் வருமுன்னரே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் பரவ அரைநாளும் எடுக்கவில்லை. சல்லி ஆந்தை பிடிபட்டாளாம் என்று ஒருவன் போட்டான். ஆந்தைக்குக் கண்ணாடி போட்டுவிட்டது யாராம் என்று இன்னொருவன் போட்டான். இந்தமாதிரி நேரத்தில்தான் எங்கள் பெடியளுக்குப் பகிடி ஊற்றெடுக்கும். சனூஸா எல்லோருக்கும் பதில் எழுதி விரல் களைத்துப் போனாள். கஜந்தினி ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, திங்களும் வரவில்லை. முடக்கம் போட்டிக்கு முதல்நாளே தீர்ந்துவிடும், அவளும் விளையாடலாம் என்று நடத்துகிறவர்களிடம் சனூஸா கேட்டு அறிந்து சொன்னாள். அதற்குக் கஜந்தினி சொன்ன பதில், நான் வந்தா நீங்கள் தோப்பீங்கள், வேற ஆளைச் சேருங்கோ என்பதுதான்.

றம்ஸானுக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்துப் பார்த்தான். ஃபில்டர் இல்லாமல், பின்னேர வெயிலில், அந்த யன்னலுக்கு முன்னால் இருந்து விளையாடினால் பிள்ளைக்கு இருட்டில் ஒன்றுமே தெரியாது. தோற்றுப்போவாள். தோற்றால், பார்த்தாயா எல்லாம் ஃபில்டர்தான் என்று ஊர் சொல்லும். அதைவிட மோசம், அவளே அப்படி நம்பிவிடுவாள். ஒரேயொரு வழிதான் இருந்தது. போட்டி நடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காவது யன்னலைச் சாத்த வேண்டும். அதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

பாமசியில் கூட்டம் குறைகிற நேரம் பார்த்துப் போனான். பத்மாசனி ஒருவருக்கு மருந்தைக் காலை, இரவு என்று சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டு இவன் பக்கம் திரும்பினார். ஃபில்டரைப் போட்டது தான்தான், பிள்ளை ஒரு பாவமும் அறியாது என்று தொடங்கி, போட்டியன்று மட்டும் யன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டு முடித்தான்.

“சாத்தினா நான் எங்க நிக்கிறது?” என்று கேட்டார் பத்மாசனி.

“உள்ளுக்க வாங்க அக்கா. கதிரை போட்டுத் தாறன்.”

“உள்ளுக்க வந்து நான் என்னத்தைப் பாக்கிறது?” என்றார். பிறகு, யன்னல் திறந்தபடியே கிடக்கட்டும், ஞாயிறு மகளை நான் கூட்டிக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் மருந்துத் துண்டை வாங்கிவிட்டார்.

றம்ஸான் வெளியே வந்து மோட்டார்சைக்கிளில் ஏறாமல் நின்றான்.  இத்தனை வருசமாய் ஒரு பிழை சொல்ல இடம் வைக்காமல் கடை நடத்தியிருக்கிறான். அந்தப் பிள்ளையைத் தன் தங்கச்சி மாதிரிப் பார்த்திருக்கிறான். இரண்டு மணித்தியாலம் யன்னலைச் சாத்தக்கூட இந்த மனிசி நம்பவில்லையே என்று நினைக்க அழுகை வரப் பார்த்தது. வந்த அழுகையை ஹெல்மெட்டுக்குள் போட்டு மூடிக்கொண்டு கடைக்குப் போனான்.

சொன்னபடி போட்டி நாளான ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். கஜந்தினியை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று சனூஸா பிறகு கேட்டு அறிந்தாள். பெரிய சமாதானம் ஒன்றும் சொல்லவில்லையாம். வீட்டில இருந்தா அவங்கள் சொன்னது சரியாப் போகும், போய் இருந்து விளையாடு, தோத்தால் தோத்துப்போட்டு வா என்றாராம். கஜந்தினி ஆந்தை ரீசேர்ட்டைப் போட்டு வரவில்லை. சாதாரணச் சட்டையோடு வந்து, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் தன் கதிரையில் இருந்தாள். பத்மாசனி வெளியில் தன் வழமையான இடத்தில் நின்று, கைப்பையை யன்னல் படியில் வைத்தார்.

போட்டியை மட்டக்களப்பில் இருந்து நடத்தியவர் ஜெஸ்மின் என்ற ஒரு மிஸ். நடுவரும் அவர்தான். விதிகள் கடுமையாக இருந்தன. ஒவ்வொருவருடைய திரையும் சத்தத்தோடு பதிவாக வேண்டும். ஒவ்வொருவருடைய போனும் திரைக்கு மேலே நின்று முகத்தையும் பதிவு செய்யவேண்டும். பக்கத்தில் யாராவது நின்று சொல்லிக் கொடுக்கிறார்களா என்று பார்க்கத்தான் அது. றம்ஸான் போன்களைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றான். மூன்று சுற்று, இரண்டு வென்றால் போதும். எதிரணி மூன்று பெடியள். சூரியன் சரியாகத் தன் இடத்துக்கு வந்து நின்றது.

முதல் சுற்றில் கஜந்தினி விழுந்த விதத்தைப் பார்க்க றம்ஸானுக்கே கூசியது. பண்டகசாலைக்குள் போனவள், கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, தண்ணீரின் மினுக்கமும் அதன் நடுவில் ஒரு கறுப்புச் சதுரமும்தான். இரண்டடி தள்ளி நின்றவன் சாவகாசமாக வந்து சுட்டுவிட்டுப் போனான். சுற்று போய்விட்டது. இரண்டாவது சுற்றில் அவள் மறுபடியும் முதல் ஆளாய் விழுந்தாள். ஆனால் சனூஸாவும் நிருஜாவும் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டவெளியிலேயே சண்டைபிடித்து அந்தச் சுற்றை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது சுற்றில் சனூஸாவும் விழுந்தாள், நிருஜாவும் விழுந்தாள், எதிரணியில் இரண்டு பேரும் விழுந்தார்கள். மிஞ்சியது கஜந்தினியும் ஒரு பெடியனும். அவன் பண்டகசாலைக்குள் போய் இருட்டோடு இருட்டாகிவிட்டான். அவள் வாசலில் நின்றாள். திரையில் கறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பின்னால் நின்ற றம்ஸான் கண்ணைக் கசக்கிப் பார்த்தான், அவனுக்கும் தெரியவில்லை. முடிஞ்சுது என்று நினைத்தான். அப்போது அவள் உள்ளே நாலடி வைத்தாள், நின்றாள், சட்டென்று இடதுபுறம் திரும்பி, கறுப்புக்குள் சுட்டாள். வெற்றி என்று திரை முழுக்க எழுத்து வந்தது. சனூஸா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிக் கஜந்தினியைக் கட்டிப்பிடித்தாள்.

அந்தச் சந்தோஷம் ஆறுமுன்னர் எதிரணி முறைப்பாடு போட்டது. கத்தவில்லை, திட்டவில்லை, நியாயமாகத்தான் கேட்டார்கள். அவளுடைய திரைப் பதிவில் ஒன்றுமே தெரியவில்லை, தெரியாத ஆளை எப்படிச் சுட்டாள்? போன வாரம்தானே கணக்கு முடக்கப்பட்டது? ஜெஸ்மின் றம்ஸானின் லப்டொப்புக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். சுருள்முடி, கண்ணாடி, களைத்த முகம்.

“பிழை விட்டதெண்டு நான் சொல்லேல்ல, கேக்கிறன். அவர் அதில நிண்டது உமக்கு எப்பிடித் தெரியும்?”

கஜந்தினி லப்டொப்புக்குக் கிட்ட வந்தாள்.  

“தெரியாது மிஸ். தெரிஞ்சுது.”

அதைவிடக் கள்ளத்தனமாய்க் கேட்கிற ஒரு பதிலை யாரும் தேடியும் எடுக்கமுடியாது. ஜெஸ்மின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். றம்ஸான் அவளுடைய கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தான். அழித்த ஃபில்டரின் ஏதாவது மிச்சம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறதோ? தானே இன்னொருதரம் பிள்ளையைக் கெடுத்துவிட்டானோ? அழித்ததையும் பிறகு சனூஸாவோடு இருந்து சரிபார்த்ததையும் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். எல்லாம் சரி என்றது புத்தி. சரியெண்டால் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றது மனம். கஜந்தினி அவன் பக்கம் திரும்பி, அதே கேள்வியைக் கண்ணால் கேட்டாள். நானா, இதுவும் உங்கட வேலையோ?

“அவளின்ர முகத்தைப் போட்டுப் பாருங்கோ.”

குரல் யன்னலுக்கு வெளியில் இருந்து வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். பத்மாசனி கைப்பையை எடுத்துக்கொண்டு, வாசல்பக்கம் சுற்றி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்தக் கடைக்குள் அவர் காலடி வைத்தது அன்றைக்குத்தான். மேசைக்கு வந்து லப்டொப்பைப் பார்த்து, நான் இவளின்ர அம்மா மிஸ் என்றார்.

“திரையைப் பாக்காதேங்கோ, முகத்தைப் பாருங்கோ. ஒளிச்சு நிக்கிறவையளைப் பிடிக்க முன்னம் இவள் கண்ணை மூடுவாள். தலையை இப்பிடி ஒரு பக்கம் சரிப்பாள். பிறகுதான் திரும்புவாள். இவள் பாத்துப் பிடிக்கிறேல்ல மிஸ், கேட்டுத்தான் பிடிக்கிறவள்.”

ஜெஸ்மின் போன் பதிவை எடுத்து, திரைப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கஜந்தினி வாசலில் நிற்கிறாள். கண் திரையில் இருக்கிறது, சுருங்குகிறது, நீர் கட்டுகிறது. பிறகு களைத்துப்போன மாதிரி இமை இரண்டும் மூடுகிறது. தலை மெல்ல இடப்பக்கம் சரிகிறது. ஜெஸ்மின் சத்தத்தைக் கூட்டினார். தூரத்தில் அலை, எங்கோ ஒரு கதவு, பிறகு பலகை ஒன்று நோகாமல் கிரீச்சிட்டது. ஒளிந்திருந்தவன் காலை மாற்றி வைத்திருக்கிறான். அவள் திரும்பிச் சுட்டபோதுகூடக் கண் முழுதாகத் திறந்திருக்கவில்லை.

ஜெஸ்மின் முதல் சுற்றையும் போட்டார். அதிலும் பலகைச் சத்தம் இருந்தது. அவளுடைய தலை சரியத் தொடங்குகிறது. உடனே, செய்யக்கூடாததைச் செய்த மாதிரித் திடுக்கிட்டு நிமிர்கிறாள். திரையை உற்றுப் பார்க்கத் தொடங்குகிறாள். அடுத்ததாக விழுகிறாள். தன் கண்ணைத்தான் கள்ளக் கண் என்று சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து, அந்தக் கண்ணாலேயே நேர்மையாய்ப் பார்த்துக் காட்ட நினைத்திருக்கிறாள் பாவி. றம்ஸானுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“முடிவில மாற்றமில்லை, உங்கட அணிதான் வென்றது. மற்றவையளுக்கும் இந்த ரெண்டு பதிவையும் அனுப்பிவிடுறன்,” என்றார் ஜெஸ்மின். பிறகு, நடுவர் கேட்கத் தேவையில்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். “அம்மா, பக்கத்தில இருந்து விளையாடுற பிள்ளைகளுக்கே தெரியாதது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் வெளியில நிக்கிறனான் மிஸ். அங்க நிண்டா ஆட்டம் தெரியாது, இவளின்ர முகம் மட்டும்தான் தெரியும். வீட்டிலயும் விடியப்புறம் கடலால வாற தகப்பன்ர வள்ளத்து எஞ்சின் சத்தத்துக்கு இப்பிடித்தான் தலையைச் சரிப்பாள். யன்னல் திறந்துதானே கிடக்குது, பாத்துக்கொண்டு நிப்பன்.”

றம்ஸான் அந்த யன்னலைப் பார்த்தான். இத்தனை காலமும் அவன் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று திரைகளைத்தான் பார்த்திருக்கிறான், ஒருநாளும் ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. காவல் நிற்கிறார், என்னை நம்பவில்லை என்று நினைத்து ஹெல்மெட்டுக்குள் அழுததை நினைக்க வெட்கமாக வந்தது. மன்னிச்சிருங்க அக்கா என்று மெதுவாகச் சொன்னான். எதுக்கு என்று கேட்டார் பத்மாசனி. அவருக்கு விளங்கவில்லை.

கஜந்தினி இவ்வளவு நேரமும் லப்டொப்பில் தெரிந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முகம்தான், ஆனால் அவள் காணாத முகம்.

“அம்மா, நான் கண்ணை மூடுறனானோ?”

“ஓம். வாயையும் கோணலா வைச்சிருப்பாய். வடிவே இல்லை.”

சனூஸா வாய்விட்டுச் சிரித்தாள், நிருஜாவும் சிரித்தாள். கஜந்தினியும் சிரித்தாள், அந்த வாரத்தில் முதல்தரம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஒருவரையும் பார்த்துச் சொல்லாமல், தனக்கே சொல்லிக்கொண்டாள்.

“அப்ப நான் அளாப்பேல்ல.”

“இல்லைப் பிள்ளை,” என்றார் பத்மாசனி.

அடுத்த ஆட்டத்துக்கு மணி அடித்தது. இனி வருகிறது அரையிறுதி, சூரியனும் தண்ணீருக்குக் கிட்ட இறங்கிவிட்டது, வெயில் முன்னரைவிடக் கடுமை. கஜந்தினி ஹெட்போனை எடுத்து இரண்டு காதிலும் அமத்திப் பொருத்திக்கொண்டாள். பத்மாசனி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். றம்ஸான் ஓடிப்போய்க் கதிரையை இழுத்து, மகளின் கதிரைக்குப் பின்னால், திரை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டான். வெயிலுக்க நிக்காதீங்க அக்கா, இன்டைக்காவது உள்ளுக்க இருந்து பாருங்க என்று கெஞ்சினான்.

பத்மாசனி திரும்பி, அவன் போட்ட கதிரையையும் அதற்கு நேரே மினுங்குகிற திரையையும் பார்த்தார்.

“இதில இருந்தா அதுதானே தம்பி தெரியும்,” என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வெளியில் தன் இடத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.